எஃப்.ஐ.ஆர் போட்டாச்சு, வீட்டுச் சாவி யார் தருவார்?

போலீஸ் புகார் எழுதுவது எப்படி என்று போன இதழில் பதில் சொன்னதிலிருந்து வந்து குவிந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. கேஸ் போட்டாச்சு, ஆளைப் பிடிச்சாச்சு, ஜாமீனிலும் விட்டாச்சு, எனக்கு என்ன கிடைத்தது? நியாயமான கேள்வி. கிரிமினல் கோர்ட்டில் பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் ஒரு சாட்சி, அவ்வளவுதான். சம்மன் வந்தால் போய்க் கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டு வர வேண்டும். வாடகை, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், போன நகை, பறிபோன நிலம் இதற்கெல்லாம் தட்ட வேண்டிய கதவு வேறு. இந்த முறை அந்தக் கதவைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர், ஊர் எதுவும் போடவில்லை. சில கடிதங்களில் அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியும் இருக்கிறேன்.

*

கேள்வி: என் கணவர் குடித்துவிட்டு அடித்ததில் தலையில் 5 தையல். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர் போட்டார்கள். 12 நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். வந்ததும் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டார். நான் 2 குழந்தைகளோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். என் சர்ட்டிஃபிகேட், நகை, குழந்தைகளின் ஆதார் அட்டை, யூனிஃபார்ம் கூட உள்ளேதான் இருக்கிறது. போலீஸில் கேட்டால், "வீடு உன் மாமனார் பேரில் இருக்கும்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, சிவில்ல பாத்துக்கோ" என்கிறார்கள். சிவில் என்றால் எங்கே போவது? வக்கீலுக்குக் கொடுக்க என்னிடம் பணம் இல்லை.

பதில்: "சிவில்ல பாத்துக்கோ" என்ற அந்த வார்த்தையை நான் கேட்காத வாரம் கிடையாது, சகோதரி. சொல்பவருக்கு அத்தோடு வேலை முடிந்துவிடுகிறது, கேட்பவருக்கு அங்கிருந்துதான் ஆரம்பம். இத்தனைக்கும் குடும்ப வன்முறை பற்றிப் புகார் வந்தால், இன்னின்ன உத்தரவு கேட்கலாம், பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச வக்கீல் உண்டு என்று அந்தப் பெண்ணிடம் எடுத்துச் சொல்வது போலீஸின் கடமை என்று 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 5-வது பிரிவே சொல்கிறது. உங்களிடம் யாரும் சொல்லவில்லை. சரி, நான் சொல்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது அதே சட்டத்தின் 12-வது பிரிவில் ஒரு மனு. இது போவது மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான், ஆனால் கிடைக்கும் நிவாரணம் சிவில் நிவாரணம். வீட்டில் இருக்கும் உரிமை, அவர் கிட்டே வரக்கூடாது என்ற தடை, மாதாமாதம் பணம், குழந்தைகள் தற்காலிகமாக உங்களிடம் இருப்பது, மருத்துவச் செலவு, நஷ்ட ஈடு எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். கணவரின் ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அம்மா வீடு எந்தக் கோர்ட் எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே போடலாம். பஸ் செலவு மிச்சம், அதைவிட முக்கியமாக அவர் ஆட்கள் சுற்றி நிற்கிற ஊரில் நீங்கள் போய் நிற்க வேண்டாம்.

மாமனார் பேரில் வீடு என்பது பெரிய பூச்சாண்டி. முன்பு ஒரு தீர்ப்பை வைத்துக்கொண்டு அப்படித்தான் பெண்களைத் துரத்தினார்கள். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றிவிட்டது. கணவனோடு சேர்ந்து குடும்பம் நடத்திய வீடு கணவனின் உறவினருக்குச் சொந்தமாக இருந்தாலும், அது 'பகிர்ந்து வாழ்ந்த வீடு'தான், அங்கே இருக்க மனைவி உரிமை கேட்கலாம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வயதான மாமனார் மாமியாரின் நிலையையும் கோர்ட் பார்க்கும். "அதே வீட்டுக்குள் அனுப்புவதற்குப் பதில் வேறு வீடு பார்த்துக் கொடு, இல்லை வாடகை கொடு" என்று கணவருக்கு உத்தரவு போடவும் வழி இருக்கிறது. தலையில் தையல் போட வைத்த ஆளோடு ஒரே கூரைக்குள் திரும்பப் போக வேண்டுமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். நானாக இருந்தால் வாடகையைக் கேட்டிருப்பேன்.

சர்ட்டிஃபிகேட், நகை, சீர் சாமான் எல்லாவற்றையும் திருப்பிக் கொடு என்று உத்தரவிட 19-வது பிரிவில் தனியாகவே இடம் இருக்கிறது. அதனால் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். பீரோவின் எந்தத் தட்டில் என்ன, எத்தனை பவுன், கல்யாண ஆல்பத்தில் எந்த போட்டோவில் அந்த நகை கழுத்தில் தெரிகிறது என்பது வரை. என்னிடம் வந்த ஒரு பெண் தன் பி.எட் சர்ட்டிஃபிகேட் அரிசி டிரம்முக்குப் பின்னால் மஞ்சள் பையில் இருக்கிறது என்று மனுவிலேயே எழுத வைத்தார். உத்தரவோடு போலீஸ் போனபோது பை அங்கேயேதான் இருந்தது. "சர்ட்டிஃபிகேட் எதுவும் இங்கே இல்லை" என்று அதற்கு முந்தின வாய்தாவில் சத்தியப் பிரமாணம் செய்திருந்த மாமியாரின் முகத்தை விவரிக்க எனக்குத் தெரியவில்லை.

பணம் இல்லை என்கிறீர்கள். இந்த மனுவுக்கு நீங்கள் பணம் தேடவே வேண்டாம். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள், 181-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். நடந்ததை அவர் ஒரு படிவத்தில் பதிவு செய்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அப்புறம் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் கேளுங்கள். பெண் என்பதே அங்கே தகுதி, வருமானச் சான்று வேண்டியதில்லை.

எவ்வளவு நாளாகும்? மனு போட்ட 3 நாளில் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்க முயற்சி என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்த 60-ஐ யாரும் நம்புவதில்லை. அதனால்தான் 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்பது முக்கியம். நிலைமை அவசரம் என்று உங்கள் பிரமாண வாக்குமூலத்தில் தெரிந்தால் எதிர்த்தரப்பு வராமலேயே கூட உத்தரவு போடலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, தையல் போட்ட போட்டோ, எஃப்.ஐ.ஆர் நகல் மூன்றையும் சேர்த்து வையுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறி அவர் வாசலில் வந்து கத்தினால் அது தனிக் குற்றம், 1 வருஷம் வரை ஜெயில். அப்போது "சிவில்ல பாத்துக்கோ" என்று சொல்ல ஸ்டேஷனில் யாருக்கும் வழியில்லை.

*

கேள்வி: அப்பா பெயிண்டர், வயது 48. வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது பைபாஸில் ஒரு லாரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அங்கேயே இறந்துவிட்டார். 4 மாதம் ஆகிறது. எஃப்.ஐ.ஆரில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று இருக்கிறது. ஆஸ்பத்திரியிலேயே ஒருவர் வந்து, வக்கீல் ஏற்பாடு செய்கிறேன், வருகிற பணத்தில் 30 பெர்சன்ட் கொடுத்தால் போதும் என்று வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டார். போடலாமா? வீட்டில் அம்மா, நான், காலேஜ் படிக்கும் தங்கை.

பதில்: போடாதே தம்பி. வருகிற பணத்தில் இத்தனை பெர்சன்ட் என்று வக்கீல் பேரம் பேசுவதே பார் கவுன்சில் விதிப்படி தப்பு. அதையும் ஒரு இடைத்தரகர் பேசுகிறார் என்றால் பிணவறை வாசலில் கடை போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

வண்டி தெரியாவிட்டால் பணமே கிடையாது என்று நினைத்திருப்பீர்கள். இடித்துவிட்டுத் தப்பிய வாகனங்களுக்கென்றே மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. முன்பு உயிரிழப்புக்கு 25,000 ரூபாய் என்று ஒரு கேவலமான தொகை இருந்தது, 2022 ஏப்ரல் முதல் 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000. இதற்கு கோர்ட்டுக்கே போக வேண்டாம், விபத்து நடந்த பகுதியின் தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் படிவம் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று குடும்பத்துக்கு எழுத்து மூலம் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் போலீஸுக்கு உத்தரவிட்டது. உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததா? வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் 2 லட்சத்தோடு நின்றுவிடாதீர்கள். பைபாஸ் என்கிறீர்கள், அப்படியானால் முன்னும் பின்னும் சுங்கச்சாவடி இருக்கும், பெட்ரோல் பங்க் இருக்கும், டீக்கடையில் கூட இப்போது கேமரா இருக்கிறது. பதிவுகள் நாளாக நாளாக அழிந்துவிடும் என்பதால், இந்தந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வண்டி நம்பர் கிடைத்துவிட்டால் கதையே வேறு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். கணக்கு எப்படிப் போடுவார்கள் என்று காட்டுகிறேன், அப்போதுதான் அந்த 30 பெர்சன்ட்காரர் ஏன் ஓடி வந்தார் என்று புரியும். அப்பாவின் வருமானம் மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,80,000. சொந்தத் தொழில் செய்பவர், 40-லிருந்து 50 வயதுக்குள் என்றால் எதிர்கால வருமான உயர்வுக்காக 25 சதவீதம் கூட்டுவார்கள், 2,25,000 ஆகிறது. அவருடைய சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,50,000. அதை 48 வயதுக்கு உரிய பெருக்கு எண் 13-ஆல் பெருக்கினால் 19,50,000. ஈமச்சடங்கு போன்றவற்றுக்கான தொகை இதற்கு மேல். நீ சம்பாதிக்கிறாயா, வீட்டில் யார் யார் அவர் வருமானத்தை நம்பி இருந்தார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். வருமானத்துக்கு ரசீது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அவரை வேலைக்குக் கூப்பிட்ட மேஸ்திரி சாட்சி சொல்லலாம்.

ஒரே ஒரு அவசரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் இந்த மனுவுக்கு விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம் என்று கெடு வைத்துவிட்டார்கள். உங்களுக்கு 4 மாதம் போய்விட்டது. நாளைக்கே அம்மாவை அழைத்துக்கொண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. அம்மாவை முதல் மனுதாரராகப் போட்டால் பெண் என்ற முறையில் அவருக்கு இலவச வக்கீல் கிடைக்கும், உன் சம்பளத்தை யாரும் கேட்க மாட்டார்கள். பின்னால் டிரைவர் கிரிமினல் கேஸில் விடுதலை ஆனாலும் இந்த மனு அதனாலேயே விழாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இங்கே எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

*

கேள்வி: எதற்கெடுத்தாலும் இலவச சட்ட உதவி என்று எழுதுகிறீர்கள். இலவச வக்கீல் எப்படி வாதாடுவார் என்று எங்களுக்குத் தெரியாதா? நானும் ஒரு மோசடியில் 3 லட்சத்தை விட்டவன். மாதச் சம்பளக்காரன். எனக்கு உங்கள் ஆணைக்குழு என்ன செய்தது? ஒன்றும் இல்லை.

பதில்: கோபம் புரிகிறது ஐயா. பாதி உங்கள் பக்கம்தான் நியாயம்.

நானே 6 வருஷம் ஆணைக்குழுவின் இலவச வக்கீல் பட்டியலில், அதாவது பேனலில், இருந்தவள். ஃபீஸ் குறைவு, அதுவும் தாமதமாக வரும். அதனால் சில வக்கீல்கள் பேனல் கேஸை ஜூனியரிடம் தள்ளிவிட்டு வாய்தா வாங்குவார்கள், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் காசு வாங்கிய வக்கீலும் அதே வாய்தாவை வாங்குகிறார் என்பதையும் சொல்ல வேண்டும் இல்லையா? வித்தியாசம் என்னவென்றால், பேனல் வக்கீல் சரியில்லை என்றால் எழுதிக் கொடுத்து ஆளை மாற்றலாம். மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளர் ஒரு நீதிபதி, தலைவர் மாவட்ட நீதிபதி. வக்கீலோ குமாஸ்தாவோ "டைப்பிங் செலவுக்கு" என்று கை நீட்டினால் அந்தச் செயலாளரிடம் நேரே போய்ச் சொல்லலாம். கோர்ட் கட்டணம், நோட்டீஸ் செலவு, நகல் செலவு எல்லாம் இலவசத்தில் அடக்கம். பெரிய தொகைக்கு சிவில் வழக்குப் போடுகிறவர்களுக்கு வக்கீல் ஃபீஸைவிட கோர்ட் கட்டணம்தான் மூச்சு முட்ட வைக்கும், அது மிச்சமாவதை யாரும் பேசுவதில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், அந்த அலுவலகம் எப்படியிருக்கும் என்று. கோர்ட் கேட்டைத் தாண்டினால் வேப்ப மரத்தடியில் டைப்ரைட்டரோடு ஒருவர், பக்கத்தில் ஜெராக்ஸ் கடை, அதையும் தாண்டினால் 'சட்டப் பணிகள்' என்று போர்டு தொங்கும் ஓர் அறை. மேசையில் பெரிய பதிவேடு, அதற்குப் பின்னால் ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்மணி. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அவரே படிவத்தில் எழுதிக்கொள்வார். அங்கே போய் அரை மணி நேரம் அழுதுவிட்டு மனு கொடுக்காமல் திரும்பி வருகிறவர்கள் நிறைய. மனு கொடுத்து, பதிவேட்டில் ஏறிய நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். நம்பர் இல்லாத அழுகைக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை.

இப்போது உங்கள் பக்கத்து நியாயம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவில் யார் யாருக்கு இலவச உதவி என்று பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில் நிறுவனத் தொழிலாளர்கள், மனிதக் கடத்தலுக்கு ஆளானவர்கள், சாதி வன்கொடுமைக்கும் பேரிடருக்கும் ஆளானவர்கள், காவலில் இருப்பவர்கள், வருமான வரம்புக்குக் கீழே இருப்பவர்கள். இந்தப் பட்டியலில் 'குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்' என்று பொதுவாக ஒரு வரி கிடையாது. உங்களை ஏமாற்றியவன் ஜெயிலில் இருந்தால் அவனுக்கு உடனே இலவச வக்கீல். 2022-லிருந்து அதற்கென்றே முழுநேர வக்கீல்களை மாவட்டந்தோறும் வைத்திருக்கிறார்கள். அவனுக்குக் கொடுப்பது சரிதான், கொடுக்கத்தான் வேண்டும். ஏமாந்த நீங்கள் வருமான வரம்பைத் தாண்டிவிட்டதால் வாசலிலேயே நிற்கிறீர்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அதற்காக அந்த அறைப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். இன்னும் கேஸ் ஆகாத பணத் தகராறை லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கச் சொல்லி மனுப் போட வருமான வரம்பு கிடையாது, கட்டணமும் கிடையாது. உங்களிடம் செக்கோ புரோநோட்டோ இருந்தால் பணம் கேட்டுப் போடும் சிவில் வழக்குக்குக் காலவரம்பு 3 வருஷம். செக் திரும்பியது என்றால் பேங்க்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் "வாங்கித் தருகிறோம்" என்று உட்கார வைத்து இழுத்தடிப்பதற்குள் இந்தக் கெடு ஓடிவிடுகிறது, அதில் ஏமாந்தவர்களை எண்ண என் விரல்கள் போதாது.

*

கேள்வி: (இந்தக் கடிதத்தில் ஊர், வகுப்பு, தொழில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.) என் மகளுக்கு நடந்தது பற்றி போக்சோ கேஸ் நடக்கிறது. அவன் வீட்டார் பெரிய இடம். 3 லட்சம் தருகிறோம், வாபஸ் வாங்கு என்று ஊர்ப் பெரியவர்களை அனுப்புகிறார்கள். வீட்டு ஓனர் ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லி, தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார். நான் வேலைக்குப் போக முடியவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடலாமா என்று இருக்கிறது.

பதில்: அம்மா, உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த 3 லட்சத்துக்கு அர்த்தம் இல்லை. போக்சோ வழக்கை வாபஸ் வாங்க உங்களுக்கே அதிகாரம் கிடையாது. இப்படிப்பட்ட வழக்கை சமரசம் ஆகிவிட்டது என்று சொல்லி ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அப்படியானால் அவர்கள் விலை பேசுவது உங்கள் மகள் கூண்டில் ஏறி மாற்றிச் சொல்ல வேண்டும் என்பதற்கு.

பணம் அரசிடமிருந்தே வர வேண்டியது. 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் 9-வது விதிப்படி, எஃப்.ஐ.ஆர் பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், அவனுக்குத் தண்டனை கிடைத்தால்தான் என்றும் இல்லை. அதற்கும் முன்னால், சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்கு 8-வது விதியில் குழந்தைகள் நலக்குழு பரிந்துரைக்கலாம். இதையெல்லாம் அரசு வக்கீல் தானாகக் கேட்பார் என்று இருக்காதீர்கள், அவர் மேசையில் நூறு கட்டு இருக்கும். மகளுக்கென்று தனி வக்கீல் வைத்துக்கொள்ள போக்சோ சட்டத்தின் 40-வது பிரிவு உரிமை தருகிறது, வசதி இல்லையென்றால் ஆணைக்குழு கொடுக்கும். அந்த வக்கீல் இடைக்கால இழப்பீட்டு மனு போடட்டும், வீட்டுக்கு ஆள் அனுப்புவதையும் அந்த நீதிபதி முன்னாலேயே சொல்லட்டும்.

வீட்டு ஓனர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் குடும்பத்தை உடைப்பது பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்கள்தான். வாடகைதாரரை வெளியேற்றக் கோர்ட் உத்தரவு வேண்டும். ஒரு வாரக் கெடு என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல். தண்ணீர், கரண்டை நிறுத்துவது 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி தடை செய்யப்பட்டது, துணை ஆட்சியர் அந்தஸ்தில் இருக்கும் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, வாய்ப்பேச்சுதான் என்றாலும் ஆள் வைத்து வெளியே தள்ளுவதற்கு எதிராக முன்சீப் கோர்ட்டில் தடையாணை கேட்கலாம். பாதி நேரம் ஆணைக்குழுவிலிருந்து ஒரு நோட்டீஸ் போனாலே மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். இந்த மனு எதிலும் மகளுக்கு நடந்ததை எழுத வேண்டிய அவசியமே இல்லை, எழுதவும் கூடாது. "வாடகை பாக்கி இல்லை, தண்ணீரை நிறுத்திவிட்டார்" என்ற இரண்டு வரி போதும். இரவில் பயமாக இருந்தால் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

*

கேள்வி: அரசு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் 7 லட்சம் வாங்கி ஏமாற்றிவிட்டார். 'மேலே கொடுக்க வேண்டும்' என்று சொல்லித்தான் வாங்கினார். சிவில் கேஸ் போட்டால் வட்டியோடு கிடைக்குமா?

பதில்: வட்டியை விடுங்கள், அசலே சிரமம். லஞ்சம் கொடுக்க என்று கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கித் தா என்று சிவில் கோர்ட்டில் நின்றால், இரண்டு பேருமே தப்பு செய்தவர்கள், நடுவில் நாங்கள் எதற்கு என்றுதான் நீதிபதி கேட்பார். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். மோசடிப் புகார் கொடுக்கலாம், ஆனால் அதில் ஒரு வார்த்தை எழுதும் முன்னால் தனிப்பட்ட முறையில் ஒரு வக்கீலைப் பாருங்கள். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பெயரும் போன் நம்பரும் போட்டிருக்கிறீர்களே, அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

*

கேள்வி: நான் துபாயில் வேலை பார்க்கிறேன். அம்மாவின் பேரில் இருந்த 60 சென்ட் நிலத்தை, வேறொரு பாட்டியை அம்மா என்று நிறுத்தி, சித்தப்பா மகன் பத்திரம் போட்டு விற்றுவிட்டான். வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நில அபகரிப்புப் பிரிவில் கேஸ் பதிவாகி அவனைக் கைதும் செய்துவிட்டார்கள். இனி பத்திரம் தானாக ரத்தாகிவிடும் என்கிறார் சர்வேயர். சரியா?

பதில்: சர்வேயர் நிலத்தை அளக்கட்டும், சட்டத்தை விட்டுவிடட்டும். அவன் ஜெயிலுக்கே போனாலும் பத்திரம் வில்லங்கச் சான்றில் அப்படியே உட்கார்ந்திருக்கும். வாங்கினவர் பட்டா மாற்றுவார், பேங்க்கில் அடமானம் வைப்பார், இன்னொருவருக்கு விற்பார். அந்தப் பத்திரம் செல்லாது, அம்மாவைக் கட்டுப்படுத்தாது என்று சிவில் கோர்ட்டில் விளம்புகை, அதாவது கோர்ட்டின் அறிவிப்புத் தீர்ப்பு, வாங்கியாக வேண்டும். விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் போட்டுவிடுங்கள். கிரிமினல் கேஸ் முடியட்டும் என்று காத்திருந்து அந்த 3 வருஷத்தைக் கோட்டை விட்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம், எந்தத் தடையும் இல்லை.

வழக்கோடு சேர்த்து, விற்கக்கூடாது, அடமானம் வைக்கக்கூடாது என்று இடைக்காலத் தடை கேளுங்கள். வழக்கு நடக்கும்போது யாராவது வாங்கினாலும் தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும். ஆள்மாறாட்டத்தை நிரூபிக்க உங்கள் கையில் நல்ல ஆயுதம் இருக்கிறது. பத்திரம் பதியும்போது வைத்த கைரேகை சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும், அதை அம்மாவின் கைரேகையோடு ஒப்பிடக் கோர்ட்டில் மனு போடலாம். அன்றைக்கு அம்மா வேறு எங்காவது இருந்ததற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கடை பில் எதுவானாலும் தேடுங்கள். வெள்ளத்தில் நனைந்த பழைய மூலப்பத்திரம் கிழிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், சார்பதிவாளரிடம் சான்றிட்ட நகலுக்கு இன்றைக்கே மனு போடுங்கள்.

நிலத்தின் மதிப்பைப் பார்த்தால் கோர்ட் கட்டணம் பயமுறுத்தும். நீங்கள் துபாயில் சம்பாதிக்கிறீர்கள், உங்களுக்கு இலவசம் கிடையாது. ஆனால் நிலம் அம்மாவுடையது, வழக்கும் அம்மாவுடையது, அவர் பெண், ஆகவே ஆணைக்குழுவில் அவர் பேரில் மனு கொடுத்தால் அந்தக் கட்டணமும் வக்கீலும் இலவசம். லீவில் வரும்போது போகலாம் என்று தள்ளாதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா யாரையாவது துணைக்கு அனுப்பி இந்த வாரமே அம்மா போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வரட்டும், ஆட்டோ செலவை மட்டும் நீங்கள் அனுப்புங்கள்.